கல்லாப்பெட்டியும் குற்றக்கூண்டும்: ஓசூர் எல்லையிலிருந்து ஒரு சட்டத்தின் கதை

தமிழ்நாட்டில் மது விற்கப்படுவது மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான். சிலேடைக்காக இதைச் சொல்லவில்லை. 1937ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சென்னை மதுவிலக்குச் சட்டம், முன்னொட்டு மட்டும் 'தமிழ்நாடு' என்று மாறி, இன்னமும் உயிரோடிருக்கிறது. 2003இல் அதே சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்துதான் சில்லறை விற்பனையின் முழு உரிமையையும் அரசு தன் சொந்த நிறுவனமான டாஸ்மாக்கிடம் ஒப்படைத்தது. 'யாரும் விற்கக்கூடாது' என்று சொல்லப் பிறந்த ஒரு பிரதி, 'நான் மட்டுமே விற்பேன்' என்று பேசப் பழகுவதற்கு அறுபத்தாறு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. இந்த உருமாற்றத்துக்குள் குற்றவாளி என்ற நாற்காலியில் யார் யார் உட்காரவைக்கப்பட்டார்கள், யார் ஒருபோதும் உட்காரவைக்கப்படவில்லை என்பதே நான் பேச விரும்புவது.

குடித்தவன் செய்த குற்றத்துக்குக் கொடுத்தவன் பொறுப்பாளியா? ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தொழிற்சங்க வேலையாகச் சுற்றிய நாட்களில் இந்தக் கேள்வியைப் பலர் வாயில் கேட்டிருக்கிறேன். கடையை எடுக்கச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்த பெண்கள், "அடிச்சவன ஸ்டேஷனுக்கு இழுத்துக்கினு போறீங்க, சரி. ஊத்திக் குடுத்தவன் எங்க?" என்றார்கள். விபத்து வழக்குக்காக நீதிமன்ற வராந்தாவில் நின்ற லாரி முதலாளி ஒருவர், "டிரைவர் குடிச்சா நான் கட்டணும். வித்தவன் ஒத்தப் பைசா கட்டறானா சார்?" என்றார். இதே கேள்வியை நான் ஒரு கடை விற்பனையாளரிடம் திருப்பிப் போட்டபோது, "குடுக்கலைன்னா பாட்டில என் மண்டையிலதான் ஒடைப்பான். குடுத்தா கேஸ் எம்மேலயா? நல்லாருக்குதுண்ணா நியாயம்" என்று சிரித்தார். மூன்று பேரும் ஒரே கேள்வியைக் கேட்பதுபோலத் தெரிந்தாலும் 'கொடுத்தவன்' என்று அவர்கள் சுட்டும் ஆள் ஒருவனல்ல. சிக்கலே அங்குதான் இருக்கிறது.

மதுவிலக்கு முதலில் வந்த இடம் எங்கள் பக்கம்தான். 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை மாகாணத்திலேயே முதன்முறையாகச் சேலம் மாவட்டத்தில் அது அமலுக்கு வந்தது. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன (1965இல் தருமபுரிக்குப் போய், 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது). கொண்டுவந்த பிரதம மந்திரி ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி, ஓசூருக்குப் பக்கத்து ஊர். தன் மண்ணிலிருந்தே தொடங்கினார் என்று காங்கிரஸ் வரலாறு பெருமையாய்ச் சொல்லும். சொல்லட்டும். ஆனால் அந்த மண்ணுக்கு ஒரு ஓரம் இருந்தது. அந்த ஓரத்துக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம் இருந்தது. அங்கே கடை திறந்திருந்தது. மதுவிலக்கின் முதல் நாளே எல்லை என்பது வெறும் கோடாக இல்லாமல் ஒரு சந்தையாக மாறிவிட்டது.

அந்தச் சட்டம் பொறுப்பை எப்படிப் பகிர்ந்தது என்று பாருங்கள். காய்ச்சுபவன், இறக்குபவன், கடத்துபவன், விற்பவன், வைத்திருப்பவன், குடிப்பவன் என எல்லோருமே குற்றவாளிகள். ஓர் அர்த்தத்தில் இது முழுமையான கூட்டுப் பொறுப்பு. ஆனால் காக்கி உடுப்பு மலையடிவாரத்துக் குடிசைகளில் பானையை உடைத்ததே ஒழிய, அதுவரை ஏலத்தில் கடைகளை விட்டு அப்காரி வருமானத்தில் நிர்வாகத்தையே நடத்திவந்த அரசு, தன் பழைய கணக்குக்காக எவர் முன்னும் நிற்கவில்லை. இழந்த வருமானத்துக்கு ஈடாக 1939இல் விற்பனை வரி வந்தது. பிற்பாடு மது திரும்பி வந்தபோது அந்த வரி போகவில்லை என்பதை இங்கே ஒரு பக்கக் குறிப்பாகச் சொல்லி வைக்கிறேன்.

1971இல் மதுவிலக்கை விலக்கிய தி.மு.க. அரசு சொன்ன காரணம் நமக்கெல்லாம் மனப்பாடம். சுற்றிலும் நெருப்பு எரிகையில் நடுவில் கற்பூரம் எத்தனை நாள் தாங்கும் என்ற உவமை. கலைஞரின் உவமைகளில் அரசியல் ரீதியாக ஆகப் பெரிய வேலை செய்த உவமை அதுவாகத்தான் இருக்கும். அதில் 'நெருப்பு' என்பது அண்டை மாநிலம். அதாவது விற்பதற்கான காரணம் நாமல்ல, எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவன். கற்பூரத்தின் விளிம்பான ஓசூரில் உட்கார்ந்து பார்த்தால் இந்த உவமையின் தந்திரம் பளிச்சென்று தெரிகிறது. 2020 மே மாதம் ஊரடங்குக்கு நடுவே கடைகளைத் திறந்தபோது அ.தி.மு.க. அரசும் அதையேதான் சொன்னது: அண்டை மாநிலங்களில் திறந்துவிட்டார்கள், நம்மவர்கள் எல்லை தாண்டிப் போகிறார்கள். கர்நாடகம் மே 4இல் திறந்தது, தமிழ்நாடு மே 7இல். ஐம்பது ஆண்டு இடைவெளி, எதிரெதிர்க் கட்சிகள், ஒரே வாக்கியம். விற்பனையின் பொறுப்பை எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டு வருமானத்தை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொள்ளும் வாக்கியம்.

1974இல் மறுபடி மூடி, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி திறந்தார்கள். அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளைத்தான் நம் ஆட்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்பேன். 1982இல் வந்தது, நாம் 'குண்டர் சட்டம்' என்று அழைக்கும் தடுப்புக் காவல் சட்டம். அதன் முழுப்பெயரில் முதலில் நிற்பவர்கள் குண்டர்கள் அல்லர், கள்ளச்சாராயக்காரர்கள். விசாரணையின்றி ஓராண்டு உள்ளே வைக்கலாம். 1983இல் பிறந்தது டாஸ்மாக், மொத்த விற்பனையின் ஏகபோகத்தோடு. கடையைத் திறப்பது, போட்டியாளனை விசாரணையின்றி அடைப்பது, ஏகபோக நிறுவனம் அமைப்பது. மூன்றும் மூன்று வருஷத்துக்குள். சாராயம் விற்பவன் சமூகத்துக்கு ஆபத்தானவன் என்ற அந்தச் சொல்லாடல் பொய்யல்ல. ஆனால் எந்தச் சாராயம், யார் விற்பது என்பதில் அடங்கியிருந்தது ஆபத்தின் வரையறை.

2003 நவம்பர் இறுதியில் தனியார் ஒயின்ஷாப்கள் போய் அரசே கவுண்டருக்குப் பின்னால் வந்து நின்றது. 2003-04இல் 3,639 கோடி ரூபாயாக இருந்த வருவாய், 2023-24இல் 45,855 கோடி. கடையை ஒட்டிய பார் மட்டும் ஏலத்தில் தனியாருக்கு. அந்தப் பார்க்காரருக்கு மது விற்கும் உரிமை கிடையாது. தின்பண்டம் விற்கலாம், காலி பாட்டில் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. விற்பவன் ஊற்றுவதில்லை, ஊற்ற இடம் கொடுப்பவன் விற்பதில்லை. குடித்தவன் நிலை தடுமாறுவதைக் கண்ணால் பார்க்கிற ஒரே ஆள், சுண்டலும் தண்ணீர் பாக்கெட்டும் கொண்டுவந்து வைக்கும் சப்ளையர் பையன். அவனுக்கு 'போதும்ணா' என்று சொல்ல எந்த அதிகாரமும் இல்லை. வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால், பொது இடத்தில் போதையில் காணப்பட்டதற்காக அதே மதுவிலக்குச் சட்டத்தின் 4-ஏ பிரிவில் பிடித்துப் போகலாம். விற்றதும் அந்தச் சட்டம், பிடிப்பதும் அந்தச் சட்டம்.

இனி குற்றத்துக்கு வருவோம். குடிபோதையில் செய்த குற்றத்தைப் பற்றி நம் தண்டனைச் சட்டம் 1860லிருந்து ஒரே குரலில்தான் பேசுகிறது. தெரியாமலோ வற்புறுத்தியோ போதையூட்டப்பட்டு, செய்வது இன்னதென்றே அறியமுடியாத நிலையில் செய்தவனுக்கு விலக்கு உண்டு. தானாகக் குடித்தவனுக்கு, குடிக்காதவனின் அறிவு இருந்ததாகவே கொள்ளப்படும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 85, 86ஆம் பிரிவுகள் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 23, 24 ஆகியிருக்கின்றன, சாரம் மாறவில்லை. 1956இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாஸ்தேவ் வழக்கை எல்லா வக்கீல்களும் சொல்வார்கள். கல்யாண விருந்து, குடித்திருந்த முன்னாள் ராணுவத்தான், இடம் மாறி உட்காரச் சொன்னதற்கு நகராத பதின்வயதுப் பையன், துப்பாக்கிச் சூடு. தள்ளாடினாலும் தானே நடக்கவும் பேசவும் முடிந்தது, ஆகவே நோக்கமும் இருந்தது என்று கொலைத் தண்டனையை உறுதிசெய்தது நீதிமன்றம். போதையின் அளவை இவ்வளவு நுணுகி அளக்கும் இந்தச் சட்டவியலில், ஊற்றியவர் என்ற பாத்திரமே கிடையாது. மது எங்கிருந்தோ மழைபோல் பெய்துவிடுகிறது.

பாத்திரம் உள்ளே வரும் ஒரே இடம், மது விஷமாகும்போது. 2007 ஜூலையில் கர்நாடகம் பாக்கெட் சாராயத்தைத் தடைசெய்தது. பத்து மாதம் கழித்து, 2008 மே மாதத்தில், பெங்களூர் ஊரகத்திலும் கோலாரிலும் இந்தப் பக்கம் ஓசூர், கிருஷ்ணகிரி ஊர்களிலுமாக நூற்றைம்பது பேருக்கு மேல் கள்ளச்சாராயம் குடித்துச் செத்தார்கள். ஒரே சரக்கு, இரண்டு மாநிலத்துப் பிணங்கள். அப்போது யாருக்கும் 'குடித்தவன்தானே காரணம்' என்று தோன்றவில்லை. விற்றவனைத் தேடினார்கள். கேரளம் இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது: 1982 வைப்பின் சாவுகளுக்குப் பிறகு, உரிமம் பெற்ற கடையிலேயே விஷம் கலந்திருந்தால் தான் குற்றமற்றவன் என்று நிரூபிக்கும் பாரத்தை விற்றவன் தலையிலேயே வைத்து அப்காரி சட்டத்தைத் திருத்தியது. உச்ச நீதிமன்றம் 1995இல் அதைச் செல்லும் என்றது. ஆக, விற்றவன் பொறுப்பு என்ற கருத்து நம் சட்டத்துக்கு அந்நியமல்ல. மெத்தனால் என்றால் பொறுப்பு உண்டு, எத்தனால் என்றால் இல்லை. அறம் இங்கே வேதியியலிடம் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சட்டமாயிற்று. ஆங்கிலப் பொதுச்சட்டம் 'கெடுதலுக்குக் காரணம் குடித்ததே, விற்றதல்ல' என்று சாராயக் கடைக்காரனை விட்டுவிட்டது. 1849இல் விஸ்கான்சின் மாநிலம், குடியால் நிராதரவான விதவைகளுக்கும் குழந்தைகளுக்கும் ஆகும் செலவுக்குக் கடைக்காரன் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்றது. 1870களில் இல்லினாய், நியூயார்க் என்று பரவியது. மதுவுக்கு எதிராகத் தெருவில் இறங்கிய பெண்களின் இயக்கம் உச்சத்திலிருந்த காலம் அது. குடிகாரனால் பாதிக்கப்பட்ட மனைவி, குழந்தை, பெற்றோர் நேரடியாகக் கடைக்காரன்மேல் வழக்குப் போடலாம். அந்தப் பட்டியலில் இன்னொரு பெயரும் இருந்தது: முதலாளி. திங்கட்கிழமை வேலைக்கு வராத தொழிலாளியால் தனக்கு நஷ்டம் என்று ஆலை முதலாளியும் வழக்காடலாம்! நம் தோழர்கள் இந்தச் சட்டங்களை முழுக்க முற்போக்கானவை என்று எடுத்துக்கொள்ளும் முன் இந்த ஒரு சொல்லை யோசிக்க வேண்டும். 1970களில் சிப்காட் வந்து, பிறகு மூன்று ஷிஃப்டிலும் பஸ் ஓடும் ஊரான ஓசூரில், அந்த உரிமையை யார் முதலில் பயன்படுத்துவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கனடாவில் 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஜோர்டன் ஹவுஸ் வழக்கு நம் நெடுஞ்சாலைக்காரர்களுக்குப் புரியும். நிறையக் குடித்த வழக்கமான வாடிக்கையாளரை விடுதி வெளியே தள்ளியது. அவர் இருட்டில் நெடுஞ்சாலையோரம் நடந்து போகையில் கார் மோதியது. குடித்தவர், கார்க்காரர், விடுதி, மூவருக்கும் மூன்றிலொரு பங்கு பொறுப்பு. இதற்கு நேர்மாறாக 2009இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், மோட்டார் சைக்கிள் சாவியை விடுதிக்காரரிடம் கொடுத்து வைத்தவர் குடித்தபின் திருப்பிக் கேட்டு வாங்கிப்போய் இறந்த வழக்கில், வயதுவந்தவனின் சுயாதீனத்தில் கடைக்காரன் தலையிடக் கடமையில்லை என்றது. இரண்டும் உரிமையியல் வழக்குகள் என்பதைக் கவனிக்க வேண்டும். பேச்சு இழப்பீட்டைப் பற்றியது, சிறையைப் பற்றியதல்ல.

நம்மிடம் நடப்பது சிறைதான். 2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய சொகுசுக் கார் இரண்டு பேரைக் கொன்றபோது, அவனுக்கு மது பரிமாறிய பார்களின் உரிமையாளரும் மேலாளர்களும் கைதானார்கள். அந்தக் கைது பையனின் வயதைப் பற்றியது. அவன் வயதுவந்தவனாக இருந்திருந்தால் பார்க்காரர் சாட்சியாக வந்து போயிருப்பார். ஆனாலும் உடனே 'பார் ஊழியர்களைப் பிடி' என்ற குரல் எங்கும் கிளம்பியது. அந்தக் குரலை நான் சந்தேகிக்கிறேன். மறுத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? 1999இல் தில்லியில் ஜெசிக்கா லால், நேரம் முடிந்துவிட்டது, மது இல்லை என்று சொன்னதற்காகச் சுடப்பட்டார். 2023 மார்ச்சில் சிவகங்கை மாவட்டம் பள்ளத்தூரில் டாஸ்மாக் கடைக்குள் வீசப்பட்ட பெட்ரோல் குண்டில் எரிந்த விற்பனையாளர் இறந்துபோனார். தொகுப்பூதியத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டு, விற்பனை குறைந்தால் விளக்கம் கேட்கப்படும் ஒருவரிடம், 'இவன் அதிகம் குடித்திருக்கிறான், இவனுக்கு விற்காதே' என்ற கடமையைக் கொடுத்து, தவறினால் ஜெயில் என்பது, முதலாளியின் பொறுப்பைக் கூலிக்காரன் முதுகில் ஏற்றுவது மட்டுமே. அந்த விற்பனையாளர் சிரித்ததற்கு அர்த்தம் இதுதான்.

எனவே ஊற்றியவரைக் குற்றவாளியாக்குவதை எதிர்க்கிறேன். அதே மூச்சில், விற்பனையின் லாபம் எங்கே சேர்கிறதோ அங்கே இழப்பீட்டுப் பொறுப்பும் சேர வேண்டும் என்கிறேன். இது புதுத் தத்துவம் ஒன்றுமில்லை. அந்த லாரி முதலாளி சொன்னதுதான். மோட்டார் வாகனச் சட்டம் அவர் குடித்தாரா என்று பார்ப்பதில்லை. வண்டி அவருடையது, ஓட்டம் அவருக்கு வருமானம், ஆகவே டிரைவரின் போதைக்கு அவரும் பொறுப்பு. காப்பீட்டு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு அவரிடம் வசூலித்துக்கொள்ளும். வண்டிக்காரனுக்குப் பொருந்தும் இந்தத் தர்க்கம் பாட்டில்காரனுக்கு ஏன் பொருந்தாது?

பொருந்தும் என்பதற்கான சிறு சிறு வாசல்கள் திறந்துதான் இருக்கின்றன. 2016 டிசம்பரில் தமிழ்நாடு சம்பந்தப்பட்ட பாலு வழக்கில், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது உச்ச நீதிமன்றம். கிருஷ்ணகிரியிலிருந்து ஜூஜூவாடி வரை நெடுஞ்சாலையையே முதுகெலும்பாகக் கொண்ட எங்கள் ஊர்களுக்கு அது என்ன என்று தெரியும். விற்குமிடத்துக்கும் விபத்துக்கும் காரண உறவு உண்டு என்று நாட்டின் ஆக உயர்ந்த மன்றம் ஒப்புக்கொண்ட தருணம் அது. பிறகு சிறிய ஊர்களுக்கு 220 மீட்டராகக் குறைந்து, நகராட்சி எல்லைகளுக்குப் பொருந்தாது என்றாகி, கடைகள் ஊருக்குள் நகர்ந்தன. நகர்ந்த இடத்தில் பெண்கள் உட்கார்ந்தார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படி உட்கார்ந்த ஒரு பெண்ணைக் காவல் அதிகாரி அறைந்ததை நாடே பார்த்தது.

இன்னொரு வாசல் நீலகிரியில். காட்டில் எறியப்பட்ட பாட்டில் சில்லுகள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டதில், 2022 மே முதல் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் போனது. கவுண்டரைத் தாண்டியதும் விற்றவன் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்பது கண்ணாடியைப் பொறுத்தவரை நிலைநாட்டப்பட்டுவிட்டது. யானைக்குக் கிடைத்ததை நான் குறை சொல்லவில்லை.

பெண்ணியத் தோழர்கள் இங்கே எழுப்பும் ஆட்சேபணை கனமானது. விற்றவனைப் பொறுப்பாக்கினால் அடித்தவன் தப்பிவிட மாட்டானா? 'சரக்கு உள்ள போயிடுச்சு, அதான் கை நீண்டுடுச்சு' என்று சாராயத்தின்மேல் பழிபோடும் ஆம்பிளைத்தனத்துக்கு நாமே சட்ட அங்கீகாரம் தேடித் தருவதாகாதா? ஆகாது, ஆகவும் விடக்கூடாது. டிரைவர் சிறைக்குப் போவதும் முதலாளி பணம் கட்டுவதும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. 86ஆம் பிரிவின் கடுமையில் ஒரு சொல்லும் குறைய வேண்டியதில்லை. குடிக்காத ஆண்களும் அடிக்கிறார்கள் என்பதை மறக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் அடிபட்டவளுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, செத்தவனின் பிள்ளைக்குப் படிப்பு என்று வரும்போது, குற்றவாளியின் பையில் ஒன்றுமிருக்காது. அவன் பையிலிருந்தது எங்கே போனது என்பதற்குக் கணக்கு உண்டு, தணிக்கையும் உண்டு.

விற்பவனைக் கேள்வி கேட்டவர்களுக்கு நேர்ந்ததையும் இதே வரலாற்றில்தான் எழுத வேண்டும். 2015 ஜூலை 31 அன்று, கடையை அகற்றக் கோரிக் குமரி மாவட்டத்தில் செல்பேசிக் கோபுரத்தில் ஏறிய சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள் உயிரோடு இறங்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடிய கோவன் தேசத்துரோகப் பிரிவில் கைதானார். விற்றதற்கு எந்தப் பிரிவும் இல்லை, பாடியதற்கு 124-ஏ.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, அரசு குடும்பத்துக்குப் பத்து லட்சம் அறிவித்தது. 'குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்' என்று டீக்கடை தோறும் முணுமுணுப்பு. அந்தப் பணத்தின் பெயர் நிவாரணம். நிவாரணம் அரசன் கையிலிருந்து விழுவது. விழவும் செய்யலாம், விழாமலும் போகலாம். இழப்பீடு என்பது கடன், கேட்டு வாங்குவது. நாம் இரண்டாவதைக் கேட்க வேண்டும். அதுவும் அரசின் சொந்த எத்தனாலுக்காக.

எப்படி என்பதற்கு ஒரு பழைய தீர்ப்பு கைகொடுக்கும். கேரளத்தில் ஆளில்லா லெவல் கிராசிங்கில் நடந்த விபத்தில், வாகன விபத்துத் தீர்ப்பாயத்தின் முன் ரயில்வேயையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம் என்று 1997இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ரயில்வேயின் கவனக்குறைவும் சேர்ந்து விளைந்த நஷ்டம் என்பதே காரணம். அப்படியானால் ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் என்று நிற்கும் மனுவில் நான்காம் எதிர்மனுதாரராக டாஸ்மாக்கின் பெயரையும் எழுதிப் பார்க்கலாம். அது கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனம். அரசனின் விலக்குரிமையை அவ்வளவு எளிதில் போர்த்திக்கொள்ள முடியாது. ஓசூர் பக்கம் எழுதும்போது கர்நாடகத்து டெட்ரா பாக்கெட்டா, நம் கடைக் குவார்ட்டரா என்ற சண்டை வரும், வரட்டும்.

இதுவரை இதற்கு இருந்த பெரிய தடை பில் இல்லாததுதான். எந்தக் கடை, எந்த நேரம், யாருக்கு என்று நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள் என்ற புகார்களுக்குப் பிறகு, 2024 இறுதியிலிருந்து சில மாவட்டங்களில் பாட்டில் மூடியில் க்யூஆர் குறியீடு ஒட்டி, ஸ்கேன் செய்து, பில் போட்டு விற்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பாட்டிலும் எந்த ஆலையில் கிளம்பி, எந்தக் கிடங்கில் தங்கி, எந்தக் கவுண்டரில் எத்தனை மணிக்குக் கைமாறியது என்பது இப்போது அரசின் கணினியிலேயே பதிவாகிறது. விபத்து நடந்த இடத்தில் கிடக்கும் பாட்டில் மூடியை மகஜரில் எழுதச் சொல்லுங்கள்.